கம்ஃபர்டபிளுக்குள் மேசை எப்படி வந்தது?

செந்தூல்_அம்மா (கோலாலம்பூர்)

மகன் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. ஆங்கிலத்துக்கு மட்டும் வெளியே டியூசன். அங்கே வாரம் ஒரு சொல்வதெழுதுதல் உண்டு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் கைதட்டித் துண்டாக்கி, துண்டுகளுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டு போக வேண்டும். கோடு இடம் மாறினால் மதிப்பெண் போய்விடும். இந்த வாரப் பட்டியலில் கம்ஃபர்டபிள், வெஜிடபிள், டின்னர், வெட்னஸ்டே எல்லாம் இருக்கின்றன.

பையன் ஒழுங்காகத்தான் தட்டுகிறான்: "கம் - ஃபோர் - டேபிள்". ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால், "கடைசியில் டேபிள் இருக்கிறதே, பாருங்கம்மா" என்கிறான். எழுதச் சொன்னால் ஒரு பிழை இல்லை. வாயைத் திறந்தால் மேசை வந்து நிற்கிறது. வெஜிடபிளிலும் அதே மேசை.

ஆங்கிலச் சொல்லை இப்படி வெட்டுவது எதற்காக? உச்சரிப்புக்கா, எழுத்துப் பிழை வராமல் இருக்கவா? மலாய்க்குச் சுக்கு கத்தா (ஒலித்துண்டு) பிரிப்பது புரிகிறது. 'மா-கான்', 'பூ-கூ' என்று வெட்டினால் சொல் அப்படியே வாயில் வந்துவிடும். ஆங்கிலத்துக்கும் அதே கத்தி ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்

அம்மா, நானும் டியூசன் எடுப்பவள்தான், உங்கள் பையன் போகும் இடம் அல்ல. கோட்டுக்கு மதிப்பெண் குறைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அதற்காக வெட்டுவதையே விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சிலபலுக்கு, அதாவது ஓர் ஒலித்துண்டுக்கு, ஓர் உயிரொலி. எழுத்தை எண்ணக்கூடாது, ஒலியை எண்ண வேண்டும். 'கேக்' சொல்லில் ஏ, இ என்று இரண்டு உயிரெழுத்து இருந்தாலும் காதுக்கு ஒன்றுதான், அதனால் ஒரே தட்டு. 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஒன்பது எழுத்து, அதுவும் ஒரே தட்டு. 'ஏரியா' நாலே எழுத்து, ஆனால் மூன்று தட்டு.

அப்புறம், ஒரு துண்டு எதில் முடிகிறது என்பதை வைத்தே அதன் உயிர் எப்படி ஒலிக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 'பேப்பர்' என்று எழுதும்போது நடுவில் ஒரு பி. முதல் துண்டு பி-ஏ என்று திறந்து நிற்கிறது, ஏ தன் பெயரையே ஒலிக்கிறது. 'பெப்பர்' என்று எழுதும்போது நடுவில் இரண்டு பி. முதல் துண்டு பி-இ-பி என்று அடைபட்டுவிடுகிறது, உயிர் குறுகுகிறது. 'டைனர்', 'டின்னர்' இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் 'என்' எழுத்து. 'ஹோப்பிங்' (நம்புவது), 'ஹாப்பிங்' (நொண்டி அடிப்பது) கதையும் இதுதான். சொல்வதெழுதுதலில் குறுகிய ஒலி காதில் விழுந்தால், நடுவில் இரட்டை எழுத்து வருமோ என்று பிள்ளை ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

வெட்டத் தெரியாத பிள்ளை நீளமான சொல்லைப் பார்த்தால் முதல் இரண்டெழுத்தை வைத்து ஊகிக்கும். 'ஃபென்டாஸ்டிக்' என்று இருக்கும் இடத்தில் 'ஃபேமிலி' என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். 2011-இல் தொடக்கப்பள்ளிக்குக் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம் வந்தபோது முதலாம் ஆண்டு ஆங்கிலத்தில் ஃபோனிக்ஸும் (எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிக்கும் முறை) வந்தது. 'கேட்', 'டாக்' போன்ற சின்னச் சொல் வரைக்கும் அது போதும். அதற்கு மேலே போக வெட்டும் பழக்கம் வேண்டும்.


லெபோ_அம்பாங்

நாங்களெல்லாம் கைதட்டியா படித்தோம்? பத்துத் தடவை எழுது என்றார்கள், எழுதினோம். வந்தது.


பழைய_புரூஃப்ரீடர் (பினாங்கு)

டீச்சருக்கு வணக்கம். நான் ஓர் ஆங்கில நாளிதழில் பல வருடம் பிழை திருத்தியவன். வரியின் ஓரத்தில் சொல்லை எங்கே உடைப்பது என்பதுதான் எனக்குத் தினசரிச் சண்டை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளையைக் கோடு போடச் சொல்வது வீண் வேலை.

முதலில், பல டியூசன்களில் இந்தக் கோட்டை எங்கிருந்து எடுக்கிறார்கள்? அமெரிக்க அகராதியில் சொல்லுக்கு நடுவே புள்ளி புள்ளியாக இருக்குமே, அதிலிருந்து. அந்தப் புள்ளிகள் எங்களுக்காகப் போட்டவை. வரி நிறைந்துவிட்டால் சொல்லை எங்கே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளலாம் என்று அச்சுக்கோப்பவனுக்குச் சொல்பவை. உச்சரிப்பு அதே அகராதியில் வேறொரு குறியீட்டில் தனியாக இருக்கும்.

இரண்டாவது, அந்த இடத்திலும் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். 'நாலெட்ஜ்' சொல்லை ஆங்கிலேயர் 'நோ'வுக்குரிய நாலெழுத்து முடிந்ததும் உடைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது சொல்லின் வேர். அமெரிக்கர் அடுத்து வரும் 'எல்' எழுத்தையும் சேர்த்துக்கொண்டு ஓரெழுத்து தள்ளி உடைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது ஒலி. இதில் எந்தக் கோட்டுக்கு உங்கள் பையனின் மதிப்பெண்ணை வெட்டுவார்கள்?

இன்னும் பழைய கதை ஒன்று. நோவா வெப்ஸ்டர் 1783-இல் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்துக்கூட்டும் புத்தகம் போட்டார். அதற்கு முன்பு இருந்த புத்தகங்கள் 'ஹேபிட்' சொல்லை ஹெச்-ஏ என்று திறந்து நிறுத்தி, பியை அடுத்த துண்டில் சேர்த்தன. 'நேஷன்' மாதிரியான சொற்களின் வாலை இரண்டு துண்டாக எண்ணின. வாய் அப்படிச் சொல்வதில்லையே என்று வெப்ஸ்டர் பியை முன்துண்டுக்குக் கொண்டுவந்தார், வாலையும் ஒரே துண்டாக்கினார். கோடு ஒருவர் பார்த்துப் போட்டது. சொல்லுக்குள்ளேயே இருக்கிற எலும்பு மாதிரி அதை நினைத்துப் பிள்ளையை வதைக்கிறோம்.

இதிலிருந்து என் மூன்றாவது கேள்வி. 'ஹேபிட்', 'ரேபிட்', 'லெமன்', 'லிமிட்', 'சிட்டி' எல்லாவற்றிலும் நடுவில் ஒரே மெய்யெழுத்துத்தான், ஆனாலும் முன்னால் இருக்கும் உயிர் குறுகுகிறது. டீச்சர் விதிப்படி 'லீமன்', 'லைமிட்' என்றல்லவா வாசிக்க வேண்டும்? இல்லை, அங்கே வேறு மாதிரி வெட்டு என்பீர்கள். வேறு மாதிரி வெட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும்? உச்சரிப்பு முன்னாலேயே தெரிந்திருந்தால்தான் தெரியும். உச்சரிப்பு தெரிந்தவனுக்கு வெட்டு எதற்கு?


பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்

ஐயா, அகராதிப் புள்ளி வேறு, நான் வகுப்பில் செய்வது வேறு. முதல் இரண்டு குற்றச்சாட்டும் என் மேல் விழாது. மூன்றாவதுக்கு வருகிறேன்.

நடுவில் இரண்டு மெய் இருந்தால் ('பெப்பர்', 'ஃபென்டாஸ்டிக்', 'செப்டெம்பர்') விதி பெரும்பாலும் ஏமாற்றாது. ஒரே மெய் இருந்தால் இரண்டு பக்கமும் போகும், அது உண்மை. அதனால்தான் பிள்ளைக்கு நான் இரண்டு முயற்சி சொல்லித் தருகிறேன். முதலில் திறந்து சொல்லிப் பார்: 'லீமன்'. அப்படி ஒரு சொல் கேள்விப்பட்டிருக்கிறாயா? இல்லையா? சரி, அடைத்துச் சொல்: 'லெமன்'. ஆ, எலுமிச்சை! பிள்ளைக்குச் சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது, கண்ணுக்குத்தான் புதிது. வெட்டு அந்த இரண்டையும் சேர்த்து வைக்கிறது. இதில் எங்கே வட்டமடிக்கிறேன்?


பழைய_புரூஃப்ரீடர்

காதில் இருந்தால் சரி. பங்சாரில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும். பிறையில் வீட்டில் தமிழ், கடையில் மலாய், தொலைக்காட்சியிலும் தமிழ் என்று வளரும் பிள்ளைக்கு 'லிமிட்', 'லைமிட்' இரண்டும் ஒன்றுதான், 'லெமன்'னும் 'லீமன்'னும் ஒன்றுதான். அவனுக்குத்தானே இந்த உதவி அதிகம் தேவை?


மட்டுறுத்துநர்

நினைவூட்டல்: இந்தக் குழுவில் தமிழ் எழுத்து மட்டும். ரோமன் எழுத்தில் இட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


பட்டர்வொர்த்_ஃபார்ம்5

நீக்கியதில் ஒன்று என்னுடையது. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் எழுத்தில் விவாதிக்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று மட்டுறுத்துநர் ஒருநாள் உணர்வார். சரி, திரும்ப எழுதுகிறேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இதுவரை பேசியவர்கள் எல்லாம் எங்கே வெட்டுவது என்று சண்டை போடுகிறீர்கள். எந்தத் துண்டை அழுத்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் வெட்டுவதைவிட அதுதான் பெரிது.

மலாயில் எல்லாத் துண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எடை. தமிழிலும் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ஒரு துண்டு முழு உயிரோடு நிற்கும், மற்றவற்றில் பாதி தேய்ந்துபோகும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் துண்டில் அழுத்தம். அதற்கு ஒரு வால் சேர்த்து 'ஃபட்டாகிரஃபி' ஆக்கினால் அழுத்தம் இரண்டாவதுக்குப் போகிறது, முதல் துண்டில் இருந்த 'ஃபோ' காணாமல் போகிறது. 'ஃபோட்டகிராஃபிக்' என்றால் மூன்றாவதுக்கு. எழுத்து அப்படியே இருக்கிறது, கோடும் கிட்டத்தட்ட அப்படியே. ஒலி மட்டும் மூன்று வேஷம் போடுகிறது. கைதட்டும் பிள்ளை எல்லாத் துண்டையும் ஒரே பலத்தில் தட்டுகிறது. 'கம்', 'ஃபோர்', 'டேபிள்', பட் பட் பட். மேசை அங்கிருந்துதான் வருகிறது அம்மா. அந்தச் சொல்லில் முதல் துண்டுக்கு மட்டும்தான் உயிர். சாதாரணப் பேச்சில் 'கம்ஃப்-ட-பிள்', மூன்றே தட்டு. நடுவில் இருக்கும் 'ஃபர்' தேய்ந்தேபோய்விடும். வெஜிடபிளும் 'வெஜ்-ட-பிள்' தான்.

தேய்ந்த ஒலி நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. மலாயில் ஆறு என்ற எண்ணுக்கு 'எனாம்' என்கிறோமே, அதன் முதல் ஒலி. 'எமாஸ்' சொல்லின் முதல் ஒலி. அதே ஒலிதான் 'எபவுட்' சொல்லின் தொடக்கத்தில், 'டீச்சர்' சொல்லின் முடிவில். மலாய் வகுப்பில் சரளமாகச் சொல்லும் பிள்ளை ஆங்கில வகுப்புக்கு வந்ததும் மறந்துவிடுகிறது. யாரும் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதில்லை.

எழுத்துப் பிழைக்கும் அழுத்தம்தான் சாவி. 'பிகின்' சொல்லோடு 'இங்' சேர்த்தால் 'என்' எழுத்து இரட்டிக்கும். 'ஓப்பன்' சொல்லோடு சேர்த்தால் இரட்டிக்காது. ஏன்? பிகினில் அழுத்தம் கடைசித் துண்டில், ஓப்பனில் முதல் துண்டில். 'ரிஃபர்' இறந்தகாலத்தில் ஆர் இரட்டிக்கும். 'ரெஃபரன்ஸ்' ஆனதும் அழுத்தம் முன்னால் ஓடிவிடுகிறது, ஆர் ஒன்றாகிவிடுகிறது. 'ஆஃபர்', 'விசிட்' இரண்டும் இரட்டிப்பதே இல்லை. ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் கட்டுரையில் நான் சிவப்பு மை போடும் இடங்களில் பாதி இதுதான். எத்தனை வருடம் கைதட்டினாலும் இது வராது.


லெபோ_அம்பாங்

'டிராவலிங்' சொல்லில் எல் இரண்டு போடுகிறோமே சார்? அழுத்தம் முன்னால்தானே?


பட்டர்வொர்த்_ஃபார்ம்5

நல்ல கேள்வி. பிரிட்டிஷ் வழக்கத்தில் 'எல்' எழுத்துக்கு ஒரு விலக்கு, அழுத்தம் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் இரட்டிப்பார்கள். நாமும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அமெரிக்கர் விதியை விடாமல் ஓர் எல்லோடு நிறுத்திவிடுவார்கள்.


நிரலன்_பங்சார்

அழுத்தம் அழுத்தம் என்று பிள்ளைகளை ஏன் சார் பயமுறுத்துகிறீர்கள்? எல்லாத் துண்டுக்கும் சம எடை கொடுப்பது நம் நாட்டு ஆங்கிலத்தின் இயல்பு. நாம் 'கலெண்டர்' என்று நடுவில் அழுத்துகிறோம், வெளிநாட்டுக்காரன் முதலில் அழுத்துகிறான். 'கொலீக்' என்று நாம் பின்னால் இழுக்கிறோம், அவன் முன்னால். யாருக்கும் புரியாமல் போனதா? என் அலுவலகத்தில் தினமும் நாலு நாட்டுக்காரர்களோடு பேசுகிறோம், வேலை நடக்கிறது.

வெட்டுவது பற்றி ஒரு தகவல். கணினிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஃபிராங்க் லியாங். ஸ்டான்ஃபோர்டில் 1983-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, டொனால்ட் கனூத்தின் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காகச் செய்தது. அவர் டீச்சர் சொல்லும் விதிகளை நம்பவில்லை. அகராதியைக் கொடுத்து, எந்த எழுத்துக் கூட்டத்துக்கு நடுவே உடைகிறது, எங்கே உடையவே கூடாது என்று கணினியையே வடிவங்கள் பொறுக்க வைத்தார். 4,447 வடிவங்கள் வந்தன. அவற்றை வைத்து அகராதிப் புள்ளிகளில் 89 விழுக்காட்டைப் பிடிக்க முடிந்தது, தவறான இடத்தில் வெட்டாமல். அப்படியும் பதினான்கு சொற்களைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் 'ப்ரெசன்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் உண்டு. அவற்றை வெட்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், ஏனென்றால் பெயர்ச்சொல்லாக வந்தால் ஓரிடத்தில் உடையும், வினைச்சொல்லாக வந்தால் இன்னோரிடத்தில்.

ஆக ஆங்கிலத்தை வெட்ட நாலாயிரம் வடிவம் வேண்டும். நாலாம் ஆண்டுப் பையனிடம் எத்தனை எதிர்பார்க்கிறீர்கள்? நம் யாப்பில் தொல்காப்பியக் காலத்திலிருந்து அசை பிரிக்கிறோம், விதி ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.


பட்டர்வொர்த்_ஃபார்ம்5

தம்பி, பதினான்கு சொல் கதையே என் பக்கம்தான் பேசுகிறது. 'ப்ரெசன்ட்' ஏன் இடம் மாறி உடைகிறது? பெயரில் அழுத்தம் முன்னால், வினையில் பின்னால். கோடு அழுத்தத்தின் பின்னால் ஓடுகிறது.

'வேலை நடக்கிறது' என்கிறீர்கள். நாம் பேசும்போது நடக்கும். நாம் கேட்கும்போது? ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில், ஆங்கிலத்தில் கேட்டலுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. ஒலிப்பதிவில் 'கம்ஃப்டபிள்' என்று ஓடும்போது, 'கம்-ஃபோர்-டேபிள்' என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு சொல் வந்துபோனதே தெரியாது. என் கவலை அது. லண்டன்காரன் மாதிரி பேசச் சொல்லவில்லை.


பிறை_வாத்தியார்

யாப்பு என்றதும் என்னை இழுத்துவிட்டீர்கள். நிரலன் தம்பி, யாப்பின் அசை வேறு, இங்கே எல்லாரும் பேசும் சிலபல் வேறு. 'அகர' என்பதில் உயிரொலி மூன்று. சுக்கு கத்தா கணக்கில் மூன்று துண்டு. யாப்பில் 'அக' இரண்டும் சேர்ந்து நிரை, 'ர' நேர், ஆக இரண்டே அசை. குறில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். நம் அசை பாட்டின் நடையை அளக்கச் செய்தது. அதைக் கொண்டுபோய் ஆங்கிலச் சொல்வதெழுதுதலில் வைத்தால் பையன் இன்னும் குழம்புவான்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வெட்டில் தனியாக ஒரு தொல்லை உண்டு, அதை இங்கே யாரும் தொடவில்லை. 'டின் - னர்' என்று தட்டச் சொன்னால் நம் பிள்ளை இரண்டு னகரத்தையும் சொல்லும். சொல்லத்தானே செய்யும்? தமிழில் 'கனி' வேறு, 'கன்னி' வேறு. 'படு' வேறு, 'பட்டு' வேறு. இரட்டித்து எழுதினால் இரட்டித்து ஒலிக்க வேண்டும் என்று முதலாம் ஆண்டிலிருந்து நாங்களே பழக்குகிறோம். ஆங்கிலத்தில் 'டின்னர்', 'சம்மர்', 'ஹேப்பி' எல்லாவற்றிலும் எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. அந்த ஒற்றை ஒலியே முன்துண்டை அடைக்கிறது, பின்துண்டையும் தொடங்கி வைக்கிறது. அதற்கு நடுவில் கோடு போட இடமே கிடையாது. டீச்சர் கோடு போடுகிறார், பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு னகரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நாம் அதைத் தமிழில் 'டின்னர்' என்று எழுதிக் காட்டினால் கேட்கவே வேண்டாம்.

ஆங்கிலத்தில் நிஜமாகவே இரட்டித்து ஒலிக்கும் இடமும் உண்டு. 'புக்கேஸ்', 'பென்னைஃப்', 'அன்னோன்'. மூன்றிலும் இரண்டு சொல்லோ, சொல்லும் ஒட்டும் சேரும் இடம் அது. அங்கே மட்டும் கோடு போட்டால் தப்பில்லை.


பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்

வாத்தியார் ஐயா சொன்னது என் வகுப்பிலும் நடக்கிறது. அதற்கு நான் செய்வது இது. வாசிக்கப் பழகும்போது வெட்டிச் சொல்லட்டும், உடனே சேர்த்து வேகமாக ஒருமுறை சொல்லட்டும். 'டின் - னர்... டினர்'. சேர்க்காமல் விட்டால் வெட்டியது வீண். பல இடங்களில் தட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது, அதுதான் கோளாறு. முறையின் மேல் பழி போடக்கூடாது.


செந்தூல்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது, ஆனாலும் ஒரு சந்தேகம். வெட்னஸ்டே எழுத வரவில்லை என்று நான் வீட்டில் 'வெட்-நெஸ்-டே' என்று சொல்லிக் கொடுத்தேன், உடனே வந்துவிட்டது. ஃபெப்ருவரிக்கும் அப்படித்தான். அது உச்சரிப்பைக் கெடுக்குமா?


பழைய_புரூஃப்ரீடர்

கெடுக்காது, பையனிடம் ஒளிக்காமல் சொன்னால். "எழுதும்போது மனசுக்குள் வெட்-நெஸ்-டே, பேசும்போது வென்ஸ்டே" என்று இரண்டாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கற்றோம். பழைய ஆங்கிலேயர் வணங்கிய வோடன் என்ற தெய்வத்தின் நாள் அது. அந்த டி ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்தது, வாயிலிருந்து போய்விட்டது, எழுத்தில் தங்கிவிட்டது.

இங்கேதான் நான் டீச்சரோடு கடைசி வரை சண்டை போடுவேன். உச்சரிப்புக்கு வெட்டுவதும் எழுத்துக்கு வெட்டுவதும் இரண்டு வேலை. ஒரே கோட்டில் இரண்டையும் செய்யப் பார்ப்பதுதான் டியூசனில் நடக்கும் அநியாயம். எழுத்துக்கு வெட்ட வேண்டும் என்றால் பொருளில் வெட்டுங்கள். 'கவர்மென்ட்' சொல்லில் நடுவில் 'என்' எழுத்து ஏன் வருகிறது? உள்ளே 'கவர்ன்' இருக்கிறது. 'டெஃபினட்' சொல்லில் ஐ எங்கே வரும், ஏ எங்கே வரும் என்று தவிக்க வேண்டாம், உள்ளே 'ஃபைனைட்' இருக்கிறது. 'சைன்' சொல்லில் ஒலிக்காத ஜி 'சிக்னல்' சொல்லில் ஒலிக்கிறது. 'மேஜிஷன்' என்பதைத் தட்டித் தட்டி வெட்டினால் ஷ ஒலிக்கு எஸ்-ஹெச் போடத்தான் கை போகும். 'மேஜிக்' என்று முதலில் எழுது, வாலை ஒட்டு என்றால் சி தானாக நிற்கும்.

உங்கள் மேசைக்கும் இதே மருந்துதான் அம்மா. அந்தச் சொல்லை 'கம்ஃபர்ட்' என்பதோடு வெட்டுங்கள். டி அந்தப் பக்கம் போய்விட்டது, மிச்சம் 'ஏபிள்' மட்டும். மேசைக்கு டி இல்லை. வெஜிடபிளிலும் டி முன்பாதிக்குச் சொந்தம்: 'வெஜிடேட்', 'வெஜிடேரியன்' என்று அதன் உறவுக்காரர்களைப் பாருங்கள்.


பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 'கவர்ன்' தெரியுமா? 'ஃபைனைட்' தெரியுமா? சொல்வளம் உள்ளவனுக்கு உங்கள் முறை. என்னிடம் வருபவர்கள் 'செப்டெம்பர்' வாசிக்கத் திணறும் பிள்ளைகள். அவர்களுக்கு முதலில் வாசிக்க வர வேண்டும். வாசித்தால்தான் சொல் சேரும், சொல் சேர்ந்தால்தான் உங்கள் உறவுக்காரர்கள் கண்ணில் படுவார்கள். என் வகுப்பில் ஒலி வெட்டு முன்னால் வரும். இதில் நான் மாறப்போவதில்லை.

இன்னொன்று, 'ஏபிள்' என்று மிச்சம் வைத்தீர்களே, பையன் இனி 'கம்ஃபர்ட்-ஏபிள்' என்று நீட்டி முழக்குவான்.


பட்டர்வொர்த்_ஃபார்ம்5

முழக்குவான், அழுத்தம் சொல்லித் தராவிட்டால். 'ஏபிள்' தனியாக நின்றால் அழுத்தம் உண்டு, ஒட்டாக வந்தால் கிடையாது. ஒரே ஒரு புள்ளி போதும். அழுத்தும் துண்டின் தலையில் பென்சிலால் ஒரு புள்ளி, மற்றதெல்லாம் 'எனாம்' மாதிரி தேயட்டும்.


செந்தூல்_அம்மா

சரி, நேற்று இரவு உட்கார்ந்து செய்து பார்த்தோம். பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தத்துக்கு ஒரு புள்ளி. பொருள் தெரிந்த வெட்டு இருந்தால் மட்டும் ஒரு கோடு, இல்லாவிட்டால் கோடே கிடையாது. டின்னருக்கு ஒன்றும் போடவில்லை, 'என்' எழுத்து இரண்டையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டோம். டியூசனுக்கு அவர்கள் கேட்ட மாதிரி கோடு போட்டு இன்னொரு தாள். இரண்டு தாள் எழுத வைத்ததற்குப் பையன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். கம்ஃபர்டபிள் இப்போது ஒழுங்காக வருகிறது. வெஜிடபிள் மட்டும் பிடிவாதமாக மேசையோடு வருகிறது, வேண்டுமென்றே செய்கிறானோ என்று சந்தேகம்.


லெபோ_அம்பாங்

'ஃபயர்' ஒரு தட்டா, இரண்டு தட்டா?


பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்

ஒன்று. 'ஹையர்' இரண்டு, ஏனென்றால் 'ஹை'யோடு 'அர்' சேர்ந்தது.


பட்டர்வொர்த்_ஃபார்ம்5

இரண்டும் காதுக்கு ஒரே எதுகை டீச்சர். ஒன்று ஒரு தட்டு, மற்றது இரண்டு தட்டு என்றால் பிள்ளை உங்களைத்தான் கேட்கும்.


பழைய_புரூஃப்ரீடர்

எங்கள் மேசையில் 'ஃபயர்' வரி ஓரத்தில் வந்தால் உடைக்க மாட்டோம், முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவோம். எத்தனை தட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை.